வெள்ளிக்கிழமை ஆள் வரும்

மார்ச் 3, செவ்வாய்

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உன் புண்ணியத்தில் நாங்கள்தான் இங்கே நன்றாக இல்லை.

ஃபோனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று பார்க்கிறாயா? கடை ஃபோனைக் கையில் எடுத்தால் அந்தப் பக்கம் எவனோ ஒருவன் ஏற்கெனவே காத்திருக்கிறான். மாமாவின் செல்லிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். ஷூட்டிங்கில் வாங்கி வைத்துவிடுவார்களாமே, உன்னுடையது அணைந்தே கிடக்கிறது. அதுவும் நல்லதுதான், உன் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுவேன். எனக்கு நூல் பார்சல் கொண்டுவருகிற வேன்காரர் உங்கள் ஸ்டூடியோ வழியாகத்தான் திரும்பிப் போகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தது. முதலில் ஒரு இளவட்டம். "அண்ணன் இருக்காரா? எங்க மேனேஜரைத் தீர்த்துக் கட்டணும்" என்றான். வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு ராங் நம்பர் என்றேன். "கரெக்ட் நம்பர்தான்க்கா, டிவியைப் பார்த்துட்டுத்தான் அடிக்கிறேன்" என்கிறான். அதற்குப் பிறகு மூச்சுவிட நேரமில்லை. ஒருத்திக்கு மாமியார், ஒருவருக்கு வீட்டு ஓனர், ஒருவருக்குக் கணக்கு வாத்தியார். ஒரு அம்மாள் மட்டும், கொலையெல்லாம் வேண்டாம், தொட்டியைக் கழுவிக் கொடுத்தால் போதும் என்றார்.

பாட்டில் ஃபாக்டரியில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்து பகலில் தூங்குகிற மனிதர் உன் மாமா. மூன்று நாளாகக் கண் சிவந்து திரிகிறார்.

பக்கத்து மருந்துக்கடைக்காரர்தான் அந்தக் கூத்தைத் தன் செல்லில் போட்டுக் காட்டினார். 'பக்கத்து வீட்டுப் பாவிகள்'. வாரம் ஒரு கதை, கதைக்கு ஒரு கொலை, கொலைக்கு நாலு சிரிப்பு. இந்த வாரம் தண்ணீர்த் தொட்டி கழுவுகிற அண்ணன் தம்பி. கூலிக்குக் கொல்கிறார்கள், கொன்ற கையோடு தொட்டியையும் ஒழுங்காகக் கழுவிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வேனில் ஒரு போர்டு. 'தொட்டி கழுவித் தரப்படும்.' கீழே என் கடை நம்பர்.

அந்த 'ழு'வுக்கு வாலை அப்படிச் சுழிக்கிறவள் உலகத்திலேயே ஒருத்திதான் உண்டு. அவளுக்கு எழுதப் பழக்கியது நான்தான். என்ன சொல்லப் போகிறாய்?

அக்கா

மார்ச் 5, வியாழன்

அன்புள்ள அக்கா,

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டு.

திரையில் ஒரு ஃபோன் நம்பர் தெரிந்தால் அதற்கு உரியவரிடம் எழுதி வாங்க வேண்டும். அது எங்கள் ஆர்ட் டிபார்ட்மென்டின் சட்டம். அன்றைக்குச் சாயங்காலம் வேன் வந்து நிற்கிறது, வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, அனுமதி வாங்கி வைத்த நம்பர் ஆபீஸில் மாட்டிக்கொண்டுவிட்டது. ஆர்ட் டைரக்டர் என் தலைமேல் நின்று கத்துகிறார். பழைய கடை லைனை எப்போதோ வெட்டிவிட்டாய் என்றுதான் நினைத்தேன். நீதானே இரண்டு வருடத்துக்கு முன்னால், "இந்த சனியனைச் சரண்டர் பண்ணப் போறேன்" என்றாய்? செத்துப்போன நம்பர், எங்கள் வீட்டு நம்பர் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் அடுத்த நிமிடம் நான் வெளியே. ஏழு வருடம் பெயின்ட் டப்பா தூக்கிய பிறகு இப்போதுதான் என்னை ஒரு மனுஷியாகப் பார்க்கிறார்கள், அக்கா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ வேறு யாராவது சொல்லிக் கேட்டால் இன்னும் எரிவாய். அந்த நம்பருக்கு அடித்தால் ஒரு அக்கா எடுத்து உண்மையாகவே சண்டை போடுகிறார் என்று ஜனங்கள் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். உன் குரலைப் பதிவு செய்துகூடப் போட்டிருக்கிறார்கள். எங்கள் டைரக்டர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். விளம்பரப் பிரிவுக்காரர்கள் செய்த ஏற்பாடு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் கூடவே சிரித்தேன். வேறு என்ன செய்ய?

நீ சண்டை போடப் போடத்தான் இன்னும் கூப்பிடுவார்கள். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொள். அடுத்த கதை வந்தால் இதை மறந்துவிடுவார்கள்.

உன் சின்னவள்

மார்ச் 9, திங்கள்

சின்னவளே,

பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

நீ சொன்ன மாதிரியே சண்டையை விட்டேன். உன் மாமாதான் வழி சொன்னார். "சரி சரின்னு ஒத்துக்கோ, சப்புன்னு போயிடும், வச்சுடுவாங்க." நான் தையல்காரி. சரி என்றால் என் வாயில் அடுத்ததாக வருவது ஒன்றுதான். பேன்ட் கீழ்மடிப்போ, திரைச்சீலையோ, யூனிஃபார்மோ, தைத்ததை வீட்டில் கொண்டுவந்து தர ஆள் எப்போது வரும் என்று கேட்டால் என் பதில் தெரியுமே உனக்கு. அதையே சொன்னேன். "சரிங்க, வெள்ளிக்கிழமை ஆள் வரும்." சிரித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். இரண்டு நாளில் முப்பது நாற்பது பேருக்கு வெள்ளிக்கிழமை சொல்லியிருப்பேன். எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இன்றைக்கு மத்தியானம் ஒரு பெண் பேசினாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெதுவான குரல். சிரிப்பு இல்லை. "ஒரு விஷயம் கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். கேளுங்க என்றேன். "என்னைப் பத்தி யாராவது உங்ககிட்ட சொல்லி வச்சிருக்காங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"கால்ல மாவுக்கட்டு. மாடியிலதான் இருக்கேன், இறங்க முடியாது. எங்க வீட்டுக்காரர் யாருன்னு சொல்ல மாட்டேன். கட்டு, மாடி, இந்த மாதிரி அடையாளம் சொல்லி யாராவது உங்ககிட்ட பேசினாங்களா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

சின்னவளே, பேசினார்கள். சனிக்கிழமை ஒரு ஆள் பேசினார். மரியாதையான குரல். "வீட்டுக்காரிதான். கால் ஒடிஞ்சு மாடியில படுத்திருக்கா. பகல்ல நான் இருக்க மாட்டேன். பின்கதவைத் தாழ் போடாம பார்த்துக்கறேன்" என்றார். விலாசமும் சொன்னார். நான் சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன், குறித்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் சொன்னதை அவருக்கும் சொன்னேன். மற்றவர்கள் அந்த இடத்தில் சிரிப்பார்கள். அவர் "ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அந்தப் பெண்ணிடம் என்ன சொல்ல? "இல்லைம்மா, இது தையல் கடை" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அவள் பெயர் கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை. எங்கே இருக்கிறாளோ. போலீஸுக்குப் போகலாமா? போய் என்னவென்று சொல்ல? யோசித்து உடனே பதில் எழுது. வேன்காரரை நிற்கச் சொல்லிக் கொடுத்தனுப்பு.

அக்கா

மார்ச் 10, செவ்வாய்

அக்கா,

நிதானமாக இரு. வேன்காரர் வாசலில் நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன்.

இது விளையாட்டு. இந்த மாதிரி எத்தனை பார்த்துவிட்டோம் தெரியுமா? போன சீசனில் விஷம் வைக்கிற சமையல்காரி கதை வந்தபோது ஒரு குடும்பமே சாப்பாட்டு மேஜையில் செத்த மாதிரி படுத்துப் படம் எடுத்து அனுப்பியது. ஒரு தாத்தா தன் சாவுக்குத் தானே அழைப்பிதழ் அடித்து அனுப்பினார். இந்தத் தொடரைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான். புருஷன் ஒரு பக்கம் பேசுவான், பெண்டாட்டி இன்னொரு பக்கம் பேசுவாள், இரண்டு பேரும் ராத்திரி உட்கார்ந்து உன் பதிலைக் கேட்டுச் சிரிப்பார்கள். கால் கட்டு, பின்கதவு எல்லாம் கதையை ஜோடிப்பதற்கு.

போலீஸ் வேண்டாம், அக்கா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். போனால் முதல் கேள்வி, டிவியில் உங்கள் நம்பர் எப்படி வந்தது. அங்கே இருந்து நேராக என் கையெழுத்துக்கு வந்து நிற்பார்கள். ஒரு கிண்டல் ஃபோனுக்காக என் பிழைப்பைப் பணயம் வைக்காதே.

இதோடு ஒரு ஃபாரம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு டெலிஃபோன் ஆபீஸில் கொடுத்தால் லைனை வெட்டிவிடுவார்கள். கஸ்டமர்களுக்கு மாமாவின் செல் நம்பரைக் கொடு. லைன் போய்விட்டால் தொல்லையும் போய்விடும், உன் மனசும் அடங்கும்.

ஒரு வார்த்தை: நீ எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறவள். இதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே.

சின்னவள்

மார்ச் 11, புதன்

நீ அனுப்பிய ஃபாரத்தைப் பேப்பர் பேட்டர்னாக வெட்டிவிட்டேன். குழந்தைச் சட்டைக் கைக்குச் சரியாக இருந்தது.

லைனை வெட்டினால் தொல்லை போய்விடுமாம். யாருடைய தொல்லை? அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் கேட்பதற்கு இருந்தது இந்த ஒரு நம்பர். அதையும் வெட்டிவிட்டு நான் நிம்மதியாக பட்டன் தைக்க வேண்டும். நன்றாக இருக்கிறதடி உன் நியாயம். உன் பிழைப்பு எனக்கும் பெரிதுதான். இந்தக் கையால் தைத்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன், அதன் அருமை எனக்குத் தெரியாதா? ஆனால் எதையும் எதோடும் தராசில் வைக்கிறதற்கு ஒரு அளவு இருக்கிறது.

இன்று காலை மறுபடி பேசினாள். ஃபோனை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். நடுவில் வந்த கோமாளிகளையெல்லாம் ஒரே வார்த்தையில் வெட்டி வைத்தேன்.

"தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோங்க. நேத்து பின்கதவுத் தாழ்ப்பாளைக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டார், ரிப்பேராம்" என்றாள். பின்கதவு என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை.

"எதனாலம்மா அவர்மேல சந்தேகம்?" என்று கேட்டேன். சொன்னாள். "அந்தக் கதையைச் சேர்ந்துதான் பார்த்தோம். ஆரம்பத்துல இருந்து நல்லா சிரிச்சுட்டு இருந்தார். நானும்தான் சிரிச்சேன். அந்த வேன் வந்ததும் படத்தை நிறுத்தினார். போர்டையே பார்த்துட்டு இருந்தார். மறுபடி ஓட விட்டதுக்கு அப்புறம் அவர் சிரிக்கவே இல்லை. அப்பத்தான் எனக்கு ஏதோ செஞ்சுது." கால் எப்படி ஒடிந்தது என்று கேட்டேன். "மாடிப்படியில விழுந்தேன். எப்படி விழுந்தேன்னு எனக்கே தெரியலை" என்றாள். வேறு யாரிடமாவது சொன்னாயா என்றதற்கு, "டிவி பார்த்து பயந்துட்டேன்னு சொல்வாங்க" என்றாள்.

உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை அவர் பேசியது, பின்கதவு, நன்றி சொன்னது. "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். அதையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் திட்டுவாள் என்று பார்த்தால், "இந்த வெள்ளிக்கிழமையா?" என்று மட்டும் கேட்டாள், ஏதோ துணி கொடுத்தவள் மாதிரி.

உண்மையா விளையாட்டா என்று நீ கேட்பாய். அந்த ஆள் விளையாட்டுக்கே பேசியிருக்கட்டும். கூடவே குடித்தனம் செய்கிறவள் கேட்டவுடன் நம்பிவிட்டாளே. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். வீடு எங்கே என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நாளைக்கு நானும் மாமாவும் போகிறோம்.

அக்கா

மார்ச் 11, புதன்

அக்கா,

நேற்று எழுதியதைக் கிழித்துப் போடு. உன் பதில் இன்னும் வரவில்லை. வந்தால் அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆட்களிடம் கேட்டேன், யாரோ ஒரு நண்பருக்கு நடந்த மாதிரி. பெண்டாட்டி இப்படிக் கேட்டாளாம் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மேக்கப் போடுகிற அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். உன் கடிதத்தைப் படித்த எனக்கு அந்தக் கேள்வி ஏன் வரவில்லை, அக்கா? அதிலிருந்து பிரஷ் பிடிக்க முடியவில்லை. என் வேலையைப் பற்றி நீ யோசிக்காதே. அவளைத் தேடு.

சின்னவள்

மார்ச் 13, வெள்ளி

சின்னவளுக்கு,

உன் புதன்கிழமைக் கடிதம் நாங்கள் கிளம்பும்போதுதான் வந்தது. வண்டியிலேயே படித்தேன். என் கோபத்தில் பாதி போயிற்று. மீதியை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். மருந்துக்கடைக்காரரிடம் வேனை வாங்கிக்கொண்டு போனோம். மாமா ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவர், சட்டைகூட மாற்றவில்லை. நல்ல வீடு. வாசலில் பூந்தொட்டிகள், ஜன்னலுக்கு இஸ்திரி போட்ட திரைகள். முன்கதவு வெளியே பூட்டியிருந்தது. பின்பக்கம் போனோம். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள்தான். கதவைத் தொட்டதும் சத்தமில்லாமல் திறந்துகொண்டது. எண்ணெய் போட்டிருக்கிறான் பாவி.

யோசித்துப் பார். ஒரு வேன், பின்கதவு, முன்னால் அழுக்குச் சட்டையில் தடித்த ஒரு ஆள், பின்னால் நான். மாடி ஏறினால் அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி மாமாவைப் பார்க்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை. கத்தக்கூட இல்லை, தலையணையை எடுத்து மார்பில் அணைத்துக்கொண்டாள். "நான்தாம்மா, தையல்காரி" என்று மாமாவைத் தள்ளிவிட்டு முன்னால் போனேன். அப்போதுதான் மூச்சு விட்டாள். மாமா, "நான் கீழேயே நின்னிருக்கணும், தங்கச்சி" என்று மன்னிப்புக் கேட்டார். பிறகு பூப்போலத் தூக்கிக்கொண்டு இறங்கினார். இறங்குகிற ஒவ்வொரு படியையும் அவள் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கடைக்குள், பழைய மெஷினுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் போட்டேன். கால் நீட்டிக்கொள்ள ஸ்டூல். டீ குடித்தாள். சாயங்காலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அக்கா, நான்தான் தப்பா நினைச்சுட்டேனோ? ஆபீஸ்ல இருந்து வந்ததும் தேடுவார். பயந்துடுவார். ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமோ?" என்று புலம்பினாள். உண்மையைச் சொல்லப்போனால் எனக்கும் உதறல்தான். அடுத்தவன் பெண்டாட்டியை வீடு புகுந்து தூக்கி வந்திருக்கிறோம். அவன் வெறும் கிண்டல்காரனாக இருந்துவிட்டால் நானும் உன் மாமாவும் என்ன ஆவோம்?

விளக்குப் போடுகிற நேரத்துக்கு ஃபோன் அடித்தது. எடுத்தேன். அந்த மரியாதையான குரல்.

ரிசீவரை அவள் காதுக்கும் என் காதுக்கும் நடுவில் பிடித்தேன்.

"வெள்ளிக்கிழமைதானே சொன்னீங்க?" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒரு நாள் முன்னாடியே முடிஞ்சுதா?"

அவன் கொஞ்சம் காத்திருந்தான். "வீட்டுல எதுவும் கலையலை. ரொம்ப சுத்தமா செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி அவளே அதன் இடத்தில் வைத்தாள். "நான் எங்க போனேன்னு அவர் கேக்கவே இல்லையே, அக்கா" என்றாள்.

ராத்திரி மூன்று பேரும் தூங்கவில்லை. இதை எழுதி முடித்ததும் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறோம். மாமா வேனில் அவளை உட்கார வைத்துவிட்டார். அங்கே உன் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாதடி. சொல்லத்தான் போகிறேன். நீ தாங்கிக்கொள்வாய் என்று தெரியும், ஆனாலும் எழுதும்போது கை வரவில்லை.

அக்கா

மார்ச் 14, சனி

அக்கா,

உன் கடிதத்தை அப்படியே டைரக்டர் கையில் கொடுத்தேன். நம்பரை எழுதியது நான், அனுமதிக் கையெழுத்தும் என்னுடையது என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். ஒரு இடத்தில் சிரித்துவிட்டார், "ரொம்ப சுத்தமா" என்ற இடத்தில். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். நான் அவரைக் குறை சொல்ல முடியாது. காலையில் முதல் தடவை படித்தபோது எனக்கும் அதே இடத்தில் சிரிப்பு வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

அந்தக் கதையை இனி ஒளிபரப்ப மாட்டார்கள். என்னையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டும் ஒரே பேச்சில் முடிந்தது.

சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதம் வேனில் எனக்கு முன்னால் வந்துவிடும். ஸ்டேஷனில் என் பெயர் கேட்டிருப்பார்கள், நாளைக்கு நானே போய் நிற்கிறேன். அவன் பிடிபட்டானா இல்லையா என்று தெரியாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் பயமாக இருக்கிறது. கடைக் கதவைத் தாழ் போட்டு வை. நான் வந்து குரல் கொடுத்தால் மட்டும் திற.

அந்தப் பெண்ணிடம் அந்த போர்டை எழுதியது யார் என்று நீ சொல்லியிருக்க மாட்டாய், எனக்காக. சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன்.

சின்னவள்